மூக்கன் இன்னும் தூங்குகிறான்

சண்டை ஒரு பெட்டியால் வந்தது. அட்டைப் பெட்டிதான். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை, தம்பி அதைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் தொப்பென்று வைத்தான். மூடியில் நீலமாக ஒரு ஆறு, அதில் ஒரு படகு, மேலே கொட்டை எழுத்தில் 'ஏழு துறை' என்று பெயர். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஒற்றைப் பெட்டியை வெட்டி ஒட்ட இரண்டு மாதத்து லீவு நாளையெல்லாம் தின்றிருந்தான்.

"இப்படித்தான் விக்கணும்," என்றான். "திறந்தா உள்ள எல்லாம் இருக்கணும். வரைபடம், சீட்டு, வில்லை, பகடை. வாங்குறவன் கையில எடுத்துப் பார்க்கணும்க்கா. வெறும் ஃபைலைக் கம்ப்யூட்டர்ல அனுப்புறதெல்லாம் ஒரு விற்பனையா?"

"பெட்டியை யாரு ஒட்டுவா, நீங்களா?" என்றாள் அவன் பெண்டாட்டி. "ஒரு பெட்டிக்கு ரெண்டு மாசம். நூறு ஆர்டர் வந்தா பேரன் பேத்தி எடுத்துத்தான் அனுப்பி முடிப்பீங்க. கூரியர்ல ஒரு மூலை நசுங்கினாப் போதும், ஒத்தை ஸ்டார் போட்டு மானத்தை வாங்கிடுவாங்க. எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். வீட்டிலேயே சோப்பு காய்ச்சி ஆறு வருஷமாக ஆன்லைனில் விற்கிறாள். அந்த வியாபாரம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அக்கா அவளை நேருக்கு நேராகவே 'சோப்புக்காரி' என்றுதான் கூப்பிடுவாள். அவளும் அதை ஏதோ பட்டம் வாங்கின மாதிரி சந்தோஷமாக வைத்துக்கொண்டாள். அவள் கட்சி ஃபைல். இந்த மாதிரி விளையாட்டுகளை மட்டுமே விற்கிற ஒரு தளம் இருக்கிறது, அதில் ஏற்றிவிட்டால் போதும், வேண்டியவர்கள் காசு கட்டி இறக்கி அவரவர் வீட்டில் அச்சடித்துக்கொள்வார்கள் என்றாள். கோந்து வேண்டாம், கூரியர் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் சரக்கு அடுக்க வேண்டாம்.

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு வயது அவளுக்கு. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. யார் யார் வாய்க்கோ பல் செய்து அனுப்புகிறவள், தன் வாயைத் திறக்க மட்டும் யோசிப்பாள். விளையாட்டு அவளுடையது. அவளுடையது மட்டுமா என்பதில்தான் வில்லங்கமே இருந்தது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வில்லங்கத்துக்கு வருகிறேன். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை உண்டாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். ஆற்றோடு போய் ஏழு படகுத்துறைகளைத் தாண்டி, கடைசியில் கடலோரம் நிற்கிற கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். வழியில் திருடன் வருவான், வெள்ளம் வரும், பேசுகிற பாம்பு வரும். என்ன செய்வது என்று அவரவர் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்று இரண்டு பகடை சொல்லும். ஒரே நாளில் முடிகிற சமாசாரம் இல்லை. விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரலாம், அடுத்த வருஷமும் தொடரலாம்.

இதை விற்க வேண்டும் என்று யாரும் கனவு காணவில்லை. பல் கூடத்தில் கூட வேலை செய்கிற ஒருத்தி விளையாடிப் பார்த்துவிட்டு வரைபடத்தைப் படம் எடுத்துப் போட்டாள். "எங்க கிடைக்கும்?" என்று முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பித்து, எட்டு மாதத்தில் அறுபத்துநாலு பக்கப் புத்தகமாக வந்து நின்றது.

"சரி, பெட்டியா ஃபைலாங்கிறது இருக்கட்டும்," என்றாள் சோப்புக்காரி. "முதல்ல பதினோராம் பக்கத்தை எடுத்துடுங்க அண்ணி. படிச்சுப் பார்த்த அஞ்சு பேர்ல நாலு பேர் அதைத்தான் சொல்றாங்க. ஆட்டத்தை இழுக்குதாம்."

பதினோராம் பக்கத்தில் இருந்தது ஒரு சின்ன விதி. ஆட்டத்துக்கு ஒருத்தர் வரவில்லை என்றால் அவருடைய பாத்திரம் தூங்குகிறது என்று அர்த்தம். மற்றவர்கள் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. யாராவது ஒருத்தர் தூக்கிச் சுமக்க வேண்டும். சுமக்கிறவருக்கு ஒவ்வொரு உருட்டிலும் ஒன்று குறையும்.

"அதை எடுக்க முடியாது," என்றாள் அக்கா.

"ஏன்?"

"அது ஆமையோட விதி."

தம்பி சட்டென்று பெட்டிக்குள் கையை விட்டான். பேச்சை மாற்றத்தான். "இதைப் பாருங்க, இதைக் காட்டவே இல்லையே," என்று ஒரு மடிப்பு அட்டையை எடுத்து அக்காவின் முன்னால் நிமிர்த்தி வைத்தான். மூன்று மடிப்பு, பளபளவென்று. கதை சொல்கிறவர் பகடையை மறைத்து உருட்டுவதற்கான மறைப்பு.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "இதை எதுக்குடா செஞ்சே?"

"பழைய ஆட்டத்துல இருந்துச்சேக்கா."

"மறைப்பு வேண்டாம். பெட்டியில விக்கிறதோ ஃபைல்ல விக்கிறதோ, எதுலயும் மறைப்பு வேண்டாம். மூணாம் பக்கத்துல எழுதியிருக்கேனே, படிக்கலையா நீ?" அட்டையை மடித்து அவன் பக்கம் தள்ளினாள். 

அவர்களுடைய அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். சனிக்கிழமை அரை நாள்தான் கடை. ஷட்டரை இறக்கிவிட்டு அப்பா தூங்கப் போனதும் பின்னறை இவர்கள் கைக்கு வரும். அங்கே கதவு அகலத்துக்கு ஒரு இஸ்திரி மேஜை. கம்பளி விரித்து, மேலே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியது. காலையிலிருந்து தேய்த்த சூடு அதில் சாயங்காலம் வரைக்கும் இருக்கும். முழங்கையை ஊன்றினால் இதமாகச் சுடும். கஞ்சி வாசனை, ஆவி வாசனை, தலைக்கு மேலே கம்பியில் வரிசையாக யார் யார் கோட்டோ. மழைக்காலத்தில் அந்த அறையை விட்டு வெளியே வர யாருக்கும் மனசு வராது. இன்றைக்கும் எங்கேயாவது சூடான துணி வாசனை வந்தால் அக்கா கால் தானாக நின்றுவிடும்.

அப்போது அக்காவுக்குப் பதினாலு வயது. தம்பிக்கு ஒன்பது. நடுவில் பதினொன்று ஆமைக்கு. ஆமை சித்தி பையன். அவன் முறை வந்தால் போதும், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு யோசிப்பான், யோசிப்பான், இந்தப் பக்கம் டீ ஆறிப்போகும். "அவசரப்படுத்தாதீங்க, யோசிக்கிறேன்" என்பான். அதனால் வந்த பெயர்தான் ஆமை.

விளையாட்டுச் சாமான் எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. மடித்த சட்டைக்குள் நிமிர்ந்து நிற்கட்டும் என்று கடைகளில் ஒரு அட்டை வைப்பார்களே, அந்தச் சட்டை அட்டைதான் எல்லாம். வரைபடம் அதில், சீட்டு அதில், அக்காவின் மறைப்பும் மூன்று அட்டையை ஒட்டினது. துணிகளில் கோக்கிற பித்தளை நம்பர் வில்லைகள்தான் ஆட்கள். பகடையைத் துணி மேஜையில் உருட்டினால் சரியாக விழாது, அதனால் ஒரு பிஸ்கட் டப்பா மூடிக்குள் உருட்டுவார்கள். கடகடவென்று அந்தத் தகரத்தில் விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைத் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் தெரியும். ஒரு வாடிக்கையாளர், "என்ன சார், சட்டை தொளதொளன்னு வருது, அட்டை வைக்கிறதில்லையா?" என்று அப்பாவிடமே வந்து கேட்டார். வில்லை காணாமல் போய் ஒருத்தர் பேண்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் போன கதையும் உண்டு. வாங்கின உதைக்குக் குறைச்சல் இல்லை.

ஆமையின் பாத்திரம் ஒரு படகோட்டி, பெயர் மூக்கன். வில்லை நம்பர் நாற்பத்தொன்று. அட்டையில் அவன் வரைந்த மூக்கு பாதிப் பக்கத்துக்கு இருந்தது.

தூக்கிச் சுமக்கிற விதி வந்தது தம்பிக்கு அம்மை போட்டபோது. மூன்று வாரம் அவன் வரவில்லை. "அவன் ஆளை இங்கேயே விட்டுட்டுப் போயிடலாம்" என்றாள் அக்கா. ஆமை கன்னத்தில் கையை வைத்தான். கால் மணி நேரம் கழித்து, "விட்டுட்டுப் போகக் கூடாதுக்கா. எழுந்து பார்த்தா யாரும் இல்லைன்னா அழுவான். தூங்குறான்னு வெச்சுக்கலாம். நான் தூக்கிக்கிறேன்" என்று தம்பியின் வில்லையைத் தன் வில்லைமேல் ஏற்றி வைத்தான். பதினொரு வயதுப் பையன் போட்ட விதி அது. அக்கா அதை இன்றுவரை ஒரு எழுத்துகூட மாற்றியதில்லை.

மூன்று பேரும் பதினோரு வருஷம் விடாமல் ஆடினார்கள். அதற்குள் வெளியே ஆமைக்கு எல்லாமே சறுக்கல். ஒரே பரீட்சையில் மூன்று தடவை தோற்றான். போன வேலையெல்லாம் மூன்று மாதம் தாங்கவில்லை, நீ ரொம்ப மெதுவு என்று அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார். வாரம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு திரிகிறவன், சனிக்கிழமை இஸ்திரி மேஜைக்கு வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவான். மூக்கன் தோற்கவே மாட்டான். வெள்ளத்தில் விழுந்தாலும் எழுந்து வருவான், திருடர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து நகம்கூட முறியாமல் வருவான். ஆபத்து வந்தால் கதை சொல்கிறவள் மறைப்புக்குப் பின்னால் உருட்டி எண்ணைச் சொல்வாள் என்பது அப்போதைய விதி. வெளியே தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று அக்காதான் வைத்தாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை. ஐந்தாவது துறை. மூக்கனின் படகு பாறையில் மோதப் போகிறது. ஆமை டீ எடுத்துவர முன்பக்கம் போயிருந்தான். அக்கா உருட்டினாள். "பத்து!" என்று கத்தினாள். "தப்பிச்சுட்டான் மூக்கன்!"

ஆமை டீத் தட்டோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மூடிக்குள் கிடந்தது மூன்று.

தட்டை மெதுவாக மேஜையில் வைத்தான். "எத்தனை தடவைக்கா இப்படி?" என்று கேட்டான்.

இந்த ஒரு தடவைதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். ஆனால் பொய் சொல்லிச் சொல்லி அக்காவுக்கே அன்றைக்கு அலுத்துப்போயிருந்தது. "எண்ணலைடா," என்றாள்.

அவன் கத்தவில்லை. மூக்கனின் அட்டையை எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்தான். "அப்போ இங்கயும் நான் ஜெயிக்கலை," என்றான். ஷட்டரைத் தூக்கிவிட்டு மழையில் இறங்கிப் போனான். அப்புறம் வேலை கிடைத்து வேறு ஊருக்கே போய்விட்டான். கல்யாணத்தில், சாவு வீட்டில் பார்த்தால் "நல்லா இருக்கியாக்கா", "நல்லா இருக்கேன்டா", அதற்கு மேல் பேச்சு இல்லை. இருபத்துமூன்று வருஷம்.

இப்போது மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அந்தத் தளத்தின் படிவத்தில் சோப்புக்காரி எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். விலை, விவரம், படம். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'இந்தப் படைப்பில் பங்குள்ள அனைவரும் இதன் விற்பனைக்குச் சம்மதித்துள்ளனர்.'

"இதுல ஒரு டிக் போட்டா முடிஞ்சுது அண்ணி. பெட்டியை வேணும்னா பின்னாடி பார்த்துக்கலாம்."

"ஆமை சம்மதிக்கலையே."

"போடுக்கா," என்றான் தம்பி. "யாரு வந்து பார்க்கப் போறா? அவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான். அவன் பேரையும் அட்டையில போட்டுடலாம், சந்தோஷம்தானே படுவான்."

யாரு வந்து பார்க்கப் போறா! அக்கா மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறியைக் கட்டத்துக்குமேல் கொண்டுபோனாள். ஒரு அழுத்து அழுத்தினால் எல்லாருக்கும் சந்தோஷம். அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தாள். மூன்று விழுந்ததைப் பத்து என்று சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தாள். மவுஸை விட்டுவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"அவன்கிட்ட கேட்கணும்," என்றாள். "வேண்டாம்னு சொன்னா விக்கப் போறதில்லை. எட்டு மாச உழைப்பு போனாப் போகட்டும்."

"அப்போ ஃபோனைப் போட்டுக் கேளு."

அது மட்டும் அவளால் முடியவில்லை. நம்பரை எடுத்துவிட்டு மூன்று தடவை வைத்தாள். கடைசியில் புத்தகத்தின் மாதிரிப் பிரதி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, அவன் வேலை செய்யும் பஸ் டிப்போ விலாசத்துக்கு அனுப்பினாள். அங்கே அவன் நேரக் காப்பாளன், பஸ் புறப்படுகிற நேரத்தைக் குறிக்கிற வேலை. ஆமையைக் கொண்டுபோய் நேரம் பார்க்கிற வேலையில் வைத்திருக்கிறார்களே என்று குடும்பமே சிரித்த வேலை. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தாள். 'விக்கலாம்னு இருக்கோம். பாதி உன்னோடது. சம்மதமா?' அவ்வளவுதான் எழுத வந்தது.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. பல் கூடத்தில் அக்கா மெழுகில் பல் வரிசை வைக்கும்போது ஒவ்வொரு தடவை ஃபோன் அடித்தாலும் கை நழுவியது. ஒரு கிழவருக்கு முன்பல்லைக் கோணலாக வைத்துவிட்டு முழுவதும் பிரித்து மறுபடி செய்தாள். சனிக்கிழமைதோறும் தம்பியும் சோப்புக்காரியும் வந்து, "ஏதாவது சேதி?" என்று கேட்டார்கள். சும்மா உட்காருவானேன் என்று வரைபடத்தை விரித்து இரண்டு உருட்டு ஆடினார்கள். தம்பியின் வில்லைமேல் நாற்பத்தொன்று எப்போதும்போல ஏறி உட்கார்ந்திருந்தது.

"மூணு வாரமாச்சு," என்றாள் சோப்புக்காரி. "நான் இந்த நேரத்துல மூணு தடவை சோப்பு காய்ச்சி ஆறவெச்சு வித்திருப்பேன்."

"அவன் ஆமை," என்றாள் அக்கா.  பதிலே வராமல் போய்விடுமோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்றாவது சொல்லிவிட்டால் தேவலை.

நாலாவது சனிக்கிழமை, மூன்று பேரும் மேஜையில் இருக்கும்போது ஃபோன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அக்கா ஸ்பீக்கரை அழுத்திவிட்டு ஃபோனை வரைபடத்தின் நடுவில் வைத்தாள். 

"அக்கா," என்றது குரல். அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது. "புத்தகம் வந்துச்சு."

"எப்போடா?"

"வந்து இருபது நாளாச்சு. மூணு தடவை படிச்சேன்."  பின்னால் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. "மூணாம் பக்கத்துல, கதை சொல்றவங்களும் எல்லார் கண்ணு முன்னாடிதான் உருட்டணும்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இது நம்ம ஆட்டத்துல இல்லையே."

"இல்ல. நீ போனதுக்கு அப்புறம் வெச்சது."

"நல்ல விதி," என்றான். மறுபடி யோசித்தான். "பதினோராம் பக்கத்துல எடுத்துக்காட்டுன்னு ஒண்ணு எழுதியிருக்க. மூக்கன்னு ஒரு படகோட்டி இருபத்துமூணு வருஷமாத் தூங்குறான், கூட்டாளிங்க தூக்கிட்டுப் போறாங்கன்னு. சும்மா எழுத்துக்கு எழுதினதா?"

அக்கா பதில் சொல்வதற்குள் தம்பி பாய்ந்துவிட்டான். "எழுத்துக்கா? டேய், இத்தனை வருஷமா என் முதுகுலதான்டா குந்தியிருக்க! ஒவ்வொரு உருட்டுக்கும் ஒண்ணு போகுது எனக்கு. படகுல பாரம் ஜாஸ்தின்னு உன்னைத் தூக்கிப் போடச் சொன்னாங்க நீ போனப்புறம் ஆட வந்த எங்க லிஃப்ட் கம்பெனிப் பசங்க. என் புதையல் பெட்டியைத் தண்ணியில போட்டேன்டா, உன்னைப் போடலை. என் ஆளுக்கு இடுப்பே போச்சு!"

 ஃபோன் கட் ஆகிவிட்டதோ என்று சோப்புக்காரி குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஆட்டத்தையே விட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றான் ஆமை. "எங்க வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"ஏழாவது துறையும் தாண்டியாச்சுடா. கலங்கரை விளக்கத்து வாசல்ல இருக்க. இனிமே படிதான்," என்றான் தம்பி.

"அம்மாடி! அவ்வளவு தூரமா?"

அக்காவால் இனியும் பொறுக்க முடியவில்லை. "டேய் ஆமை, நான் பண்ணினது தப்புடா. வெளியில எல்லாரும் உன்னைப் போட்டு மிதிச்சாங்க. இங்கயாவது நீ சிரிக்கணும்னு நினைச்சேன். உன்னைக் கேட்காம உனக்கு நல்லது பண்ணப் போயிட்டேன். மன்னிச்சுக்கோடா."

"எல்லாம் பொய்யாக்கா? ஒண்ணாவது நிஜமா விழுந்திருக்குமா?"

"விழுந்துச்சுடா. பாம்புத் துறையில பன்னெண்டு விழுந்துச்சே, அது நிஜம். சத்தியமா நிஜம். நானே வாயைப் பிளந்துட்டேன்."

"பாம்புத் துறை நிஜமா," என்றான் அவன், மெதுவாக. "அது போதும்க்கா. அது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆட்டம்." மூக்கைத் துடைத்துக்கொள்வது கேட்டது. "சம்மதம். வித்துக்கோங்க."

அக்கா லேப்டாப்பைத் திறந்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள். கண்ணில் தண்ணீர் மறைத்ததால் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

"அண்ணா, ஒரு சந்தேகம்," என்று சோப்புக்காரி உள்ளே புகுந்தாள். வியாபாரம் அல்லவா, விடுவாளா? "பெட்டியாப் போடணுங்கிறார் உங்க தம்பி. ஃபைலாப் போடலாங்கிறேன் நான். இவங்க வாயையே திறக்க மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

ஆமை யோசிக்க ஆரம்பித்தான். தம்பி தாளம் போட்டான். அக்கா ஆறின டீயைக் குடித்து முடித்தாள். இந்தக் காத்திருப்பு எத்தனை சுகமாக இருந்தது என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"நம்ம அட்டையெல்லாம் எந்தக் கடையில வாங்கினோம்?" என்று கேட்டது குரல்.

"எங்க வாங்கினோம்? சட்டையிலிருந்து திருடினோம்," என்றான் தம்பி.

"வெட்டி வெட்டி நம்ம கையெல்லாம் புண்ணு. அதுலதானே ஆட்டமே ஆரம்பிச்சுது? வாங்குறவங்களும் அவங்க வீட்டு அட்டையில அவங்களே வெட்டிக்கட்டும். ஃபைல் போதும். முதல் பக்கத்துல எழுதிடு, சட்டை அட்டைதான் தோதுன்னு."

சோப்புக்காரி கை தட்டினாள். தம்பி பெட்டியைத் தடவினான். "அப்போ இது?"

"அதை எனக்குக் குடுத்துடுடா. நான் வெச்சுக்கிறேன்." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், "அஞ்சு நிமிஷம்" என்று கத்திச் சொன்னான். "அக்கா, மூக்கனை இறக்கி விடுங்க. நடக்குறேன்."

தூங்கி எழுகிறவருக்கும் ஒரு உருட்டு உண்டு. ஐந்துக்குக் குறையாமல் விழுந்தால் நேராக நிற்பான், குறைந்தால் தடுமாறுவான். அக்கா அந்தப் பழைய பிஸ்கட் டப்பா மூடியை ஃபோனுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, பகடையைப் போட்டாள். கடகடவென்று உருண்டு நின்றது. ஒரு மூன்று, ஒரு ஒன்று.

"சத்தம் கேட்டுச்சு," என்றான் ஆமை ஆவலாக. "அதே மூடியா? என்ன விழுந்துச்சு?"

தம்பி ஐந்து விரலையும் விரித்து அக்காவின் முகத்துக்கு நேராகக் காட்டினான். சொல்லு, ஐந்து என்று சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினான். இருபத்துமூன்று வருஷம் கழித்து எழுந்திருக்கிறான், எழுந்ததும் விழ வேண்டுமா? ஒன்றே ஒன்றுதானே குறைச்சல்?

"நாலு," என்றாள் அக்கா.

"நாலா?"

"நாலுடா. ஒண்ணு குறைச்சல். மூக்கன் எழுந்து முதல் படியில காலை வெச்சான், வழுக்கி விழுந்தான். முன்பல்லு ரெண்டும் போச்சு."

ஃபோனுக்குள்ளிருந்து முதலில் ஒரு செருமல் வந்தது. அப்புறம் சிரிப்பு. அடக்க முடியாமல், இருமி இருமிச் சிரித்தான். அந்தப் பக்கம் யாரோ "என்னய்யா ஆச்சு?" என்று கேட்பதுகூடக் காதில் விழுந்தது.

"போகட்டும்க்கா," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. "பல்லு கட்டத்தான் நீ இருக்கியே."

தம்பி விரித்த கையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். இவன் அழுவான் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. அக்கா அவன் வில்லைமேலிருந்து நாற்பத்தொன்றை எடுத்தாள். இரண்டு வில்லைக்கும் நடுவில் அழுக்கு ஒரு வட்டமாகப் படிந்திருந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, முதல் படியில் தனியாக வைத்தாள்.

"இறக்கிட்டேன்டா. உன் முறை. என்ன பண்ணப் போற?"

"அவசரப்படுத்தாதீங்க," என்றான் ஆமை. "யோசிக்கிறேன்."